ஐரோப்பாவில் ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களிடையே கிறிஸ்தவ ஊழியம் எப்படி வேர்பிடித்தது? எங்கள் சபையிலிருந்து ஒரு குழு போனால் பயன் உண்டா?

நான் பிரான்ஸில் இருக்கிறேன். லுவார் ஆற்றுப் பக்கம் ஜியன் ஊருக்கு அருகில் நெவுவா என்று ஒரு சின்னக் கிராமம் உண்டு. மே மாதம் வந்தால் ஆயிரக்கணக்கான கேரவன் வண்டிகள் அங்கே வந்து நிற்கும். 'வீ ஏ லூமியேர்', அதாவது 'ஜீவனும் ஒளியும்' என்ற ரோமா மக்களின் பெந்தெகொஸ்தே இயக்கம் நடத்தும் கன்வென்ஷன் அது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர்தான் என்னை அழைத்துப் போனார்.

பெரிய கூடாரம், கிட்டார், வயலின், நெரிசல். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேதபாடம் வாசிக்க எழுந்த ஒரு பெரியவர்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வரிக்கு அடியில் ஆட்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தார். நீளமான ஒரு பெயர் வந்ததும் விரல் நின்றுவிட்டது. முதல் வரிசையில் இருந்த பேத்தி சத்தமாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே வாசித்தார்.

அப்புறம் காபி குடிக்கும்போது பேசினோம். நாற்பது வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றாராம், அதுவும் பைபிளை வைத்து. "சின்ன வயதில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஒரு ஊரில் நிற்க விடமாட்டார்கள் தம்பி, பள்ளிக்கூடத்துக்கு எங்கே போவது?" என்றார். பிரான்ஸின் 1912 சட்டப்படி நாடோடிகள் கைரேகையும் உடல் அளவுகளும் பதிந்த ஒரு ஏட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. 1969-ல் அது போய் வேறு வகைப் பயண ஏடு வந்தது. அதையும் ஒழித்தது 2017-ல்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரோமா மக்களுக்குச் சபை புதிதல்ல, பல நூற்றாண்டுகளாக அதன் நிழலில் இருந்தவர்கள்தான். ஆனால் அந்த நிழல் குளிர்ச்சியானதாக இல்லை. இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியான வாலாக்கியாவில் இவர்களைப் பற்றிக் கிடைக்கும் முதல் ஆவணம் 1385-ஐச் சேர்ந்தது. ஒரு மடத்துக்கு 40 ரோமா குடும்பங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது அது. நம் கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடு கொடுத்ததை எழுதியிருப்பார்களே, அதே பாணியில் மனிதர்களைக் கணக்கெழுதியிருக்கிறார்கள். மடங்களின் அடிமைகள் விடுதலையானது 1840-களில். தனியாரிடம் அடிமைகளாக இருந்தவர்கள் 1856 வரை காத்திருந்தார்கள். 2019 ஜூன் 2 அன்று போப் பிரான்சிஸ் ருமேனியாவின் பிளாஜ் நகரில் ரோமா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பிறகு எப்படி வேர்பிடித்தது? 1950-ல் பிரான்ஸின் லிசியூ நகரில் ஒரு ரோமா தாய் கையில் சுவிசேஷத் துண்டுப்பிரதி கிடைத்தது, சாகக் கிடந்த மகன் ஜெபத்தால் பிழைத்தான் என்பது இந்த இயக்கத்தார் சொல்லும் சாட்சி. அந்தச் செய்தி வண்டிக்கு வண்டி பரவியது. கிளெமான் லெ கோசெக் என்ற, பிரான்ஸின் பிரிட்டானிப் பகுதியைச் சேர்ந்த போதகர் 1952-ல் பிரெஸ்ட் நகரில் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மற்ற போதகர்களுக்கு அதில் தயக்கம் இருந்தது. சட்டப்படி திருமணப் பதிவு இல்லாத தம்பதிகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். ஓரிடத்தில் தங்கவே விடாதவர்கள் பதிவை எங்கே போய்ச் செய்வார்கள்? லெ கோசெக் மக்கள் பக்கம் நின்றார். அதைவிடப் பெரிது, ரோமா ஆண்களையே போதகர்களாகப் பயிற்றுவித்தது. மேய்ப்பனும் கேரவனில் வாழ்ந்தான், பழைய இரும்பு வாங்கி விற்றான், ஆட்டோடு ஆடாகச் சாலையில் போனான்.

அறுபதுகளில் இது ஸ்பெயினுக்குப் போனதும் அதே வழியில்தான். பிரான்ஸில் விசுவாசத்துக்கு வந்த ஸ்பானிய ரோமா ஆட்களே திரும்பிப் போய் ஆரம்பித்தார்கள். பிலடெல்பியா சபை என்று இன்று அங்கே தெருவுக்குத் தெரு தெரியும். ஆராதனைப் பாட்டெல்லாம் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை மெட்டுதான். எண்பதுகளில் ஹெராயின் அந்தக் குடும்பங்களைச் சூறையாடியபோது பிள்ளைகளை மீட்கப் பெற்றோர் ஓடிய இடங்களில் அந்தச் சபைகள் முக்கியமானவை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ரோமானி மொழியில் கடவுள் 'தேவெல்', தண்ணீர் 'பானி', சிலுவைக்குச் சொல் 'த்ருஷுல்'. ஆமாம், திரிசூலம்தான்! வட இந்தியாவிலிருந்து கொண்டுபோன சொல்லையே சிலுவைக்கு வைத்துக்கொண்டார்கள். பிரான்ஸில் இருப்பவர்களில் ஒரு பிரிவினர் தங்களை 'மனுஷ்' என்பார்கள். மனுஷன் என்றுதான் பொருள். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உங்கள் குழு விஷயம். போங்கள், ஆனால் துணி மூட்டையும் கேமராவும் தூக்கிக்கொண்டு ஒரு வாரத்துக்குப் போகாதீர்கள். சேரிக் குழந்தைகளைப் படமெடுத்து நன்கொடை கேட்கும் குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன், மனது எரிகிறது. முதலில் அந்த ஊரின் ரோமா போதகர் யார் என்று விசாரியுங்கள். அவர் சபையில் பின்வரிசையில் உட்காருங்கள். என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். என் நண்பரின் போதகரிடம் நான் கேட்டபோது, பெரியவர்கள் படிக்கத் தோதாகக் கொட்டை எழுத்தில் பைபிள்கள் வேண்டும் என்றார். அடுத்த மே மாதம் பன்னிரண்டு வாங்கிக்கொண்டு போனோம். ஒன்றை அந்தப் பெரியவர் வாங்கிக்கொண்டார். பேத்தி பக்கத்திலேயே நின்று, அவர் விரல் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.