பத்துக்கு இரண்டு

கேள்வி: கூடைப்பந்தில் சக்கரவர்த்தியாக இருந்த மைக்கேல் ஜோர்டான், 1994ல் பேஸ்பால் ஆடப் போய் அசிங்கப்பட்டுத் திரும்பினாரே! பேராசைக்குக் கிடைத்த தண்டனைதானே இது? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: கேட்பதற்கே பெயர் போடப் பயப்படுகிற நீங்கள், 31 வயதில் உலகமே பார்க்க ஒரு புது வேலையைக் கற்றுக்கொள்ளப் போனவரை அசிங்கப்பட்டார் என்கிறீர்கள். சரி, இருக்கட்டும்.

அமெரிக்காவின் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற பேஸ்பால் அணிக்காக 436 முறை மட்டையோடு நின்று 88 முறை அடித்துப் பேஸைத் (ஓடிச் சேர வேண்டிய இடம்) தொட்டார். கிட்டத்தட்ட பத்துக்கு இரண்டு. நல்ல ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவர்களே பத்துக்கு மூன்றுதான் அடிப்பார்கள். பள்ளிக்கூடத்தோடு பேஸ்பாலை விட்ட மனிதரை, பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்குக்கு இரண்டே படி கீழே இருக்கும் டபுள்-ஏ மட்டத்தில் நேராகக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆரம்பத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் அடித்தார், அப்புறம் விஷயம் பரவிவிட்டது: இவருக்கு வேகப்பந்து போடாதே, வளைத்துப் போடு. ஆறரை அடி ஆள், நீளக் கை, பந்து தோளுக்கு வருகிறதென்று மட்டையைச் சுழற்றினால் அது முழங்காலுக்கு இறங்கிப் போய்விடும். 114 முறை அப்படி இப்படியென்று ஸ்டிரைக் அவுட், அதாவது மூன்று தப்புக்கு வெளியே. ஆனால் 30 பேஸ் திருடியிருக்கிறார் (எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் ஆயிரம் முறை மட்டை பிடித்திருந்தால் மேஜர் லீக்குக்கே போயிருப்பார் என்று பிற்பாடு சொன்னவர் அப்போதைய மேனேஜர் டெர்ரி ஃபிரான்கோனா. பாஸ்டன் பேஸ்பால் அணிக்கு 86 வருடம் கழித்துக் கோப்பை வாங்கித் தந்தவர், ஆட்டம் தெரியாதவர் இல்லை.

பேராசையா? மகன் பேஸ்பால் ஆட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்த அப்பா 1993 ஜூலையில் கொலை செய்யப்பட்டார். மறு வருடம் ஜூலை 30 அன்றுதான் ஜோர்டானுக்கு முதல் ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. எல்லாப் பேஸையும் ஓடி முடித்து, மட்டை பிடித்த இடமான ஹோம் பிளேட்டுக்கு வந்தவர் வானத்தைப் பார்த்துக் கைகாட்டினார். மறுநாள் அப்பாவின் பிறந்தநாள்.

ஓடிப்போகவும் இல்லை. 1994 ஆகஸ்டில் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அடுத்த வசந்தத்தில் அவர்களுக்குப் பதிலாக இறங்க மாட்டேன் என்று சொல்லித்தான் இவர் பேஸ்பாலை விட்டார். 'பேஸ்பாலையே கேவலப்படுத்துகிறார், மூட்டை கட்டட்டும்' என்ற தோரணையில் அட்டைப்படம் போட்டது ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட். அதுவும் சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே! அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகையோடு அவர் பேசவே இல்லை. (எங்கள் தொழிலிலும் உங்களைப் போன்றவர்கள் உண்டு.)

அதற்காக அவருக்குக் கண்ணீர் விடச் சொல்லவில்லை. மாதம் 850 டாலர், சாப்பாட்டுக்கு நாளுக்கு 16 டாலர் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் கூடைப்பந்துச் சம்பளம் சுமார் 40 லட்சம் டாலர் அவருக்கு வந்துகொண்டே இருந்தது. அவருடைய கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸுக்கும், பேரன்ஸ் ஆட்டக்காரர்களை வளர்த்த மேஜர் லீக் அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கும் முதலாளி ஒருவரே. பக்கத்து சீட்டில் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவனுக்கு அந்த 850தான். டபுள்-ஏ ஆட்டக்காரர்களின் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 30,250 டாலரைத் தொட 2023 வரை ஆனது, அதுவும் யூனியன் வந்த பிறகு.

1993ல் தன் டபுள்-ஏ லீக் கோப்பையை வென்ற அணி பேரன்ஸ். ஜோர்டானைத் தவிர அதில் ஆடிய ஒரே ஒருவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் போட்டு.