எம்சிபி ட்ரிப் ஆனால் அதைவிடப் பெரியதாக மாற்றாதீர்கள்

கேள்வி: 2000 வாட் கெய்சர், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இரண்டையும் ஒரே 16 ஆம்பியர் லைனில் சேர்ந்தாற்போல் போடலாமா?

பதில்: வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். போடலாம். ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் சொருகாதீர்கள்.

கேள்வி: வீட்டில் எம்சிபி (லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எத்தனை ஆம்பியர், எதைப் போடும்போது, போட்டவுடனேயா அரை மணி கழித்தா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? போட்டவுடன் விழுந்தால் ஷார்ட்டாக இருக்கலாம். மெதுவாக விழுந்தால் ஓவர்லோடு, இல்லாவிட்டால் லூஸ் கனெக்‌ஷன். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஏசி போட்டால் 16 ஆம்பியர் எம்சிபி விழுந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியன் 32 மாட்டினார். இப்போது தொல்லை இல்லை. சரிதானே?

பதில்: சரியில்லை. இன்றைக்கே அந்த 32-ஐக் கழற்றச் சொல்லுங்கள். எத்தனை முறை எழுதினாலும் இதே வைத்தியம்தான் ஊரெல்லாம் நடக்கிறது. எம்சிபி காப்பது ஏசியை அல்ல, சுவருக்குள் போகும் ஒயரை. அந்த லைனில் பெரும்பாலும் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர்தான் இருக்கும். பைப்புக்குள் அது சுமார் 20 ஆம்பியர் தாங்கும். 32 ஆம்பியர் எம்சிபியோ, 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது; ஐஈசி 60898 தரவிதியே அப்படித்தான். அந்த ஒரு மணி நேரமும் சூடாவது ஒயர். சாதாரண பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி வரைக்கும்தான். அப்புறம் இறுகி, வெடித்து, உள்ளேயே ஷார்ட்டாகும்.

ஒன்றரை டன் ஏசி ஓடும்போது இழுப்பது 8 ஆம்பியர் போலத்தான். 16 ஏன் விழுந்தது என்று அவர் பார்த்திருக்க வேண்டும். பி வகை எம்சிபியாக இருந்தால் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு நொடி கூடுதலாக இழுக்கும் கரண்டுக்கே விழலாம். அதைத் தாங்கும் சி வகை 16 போட்டால் போதும். இல்லையென்றால் எம்சிபியின் டெர்மினலைப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்து, ஒயர் நுனியில் இன்சுலேஷன் பழுப்பேறியிருந்தால் அந்தச் சூட்டிலேயே எம்சிபி விழும். கம்ப்ரஸரே பழுதாகவும் இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். ஒயரை மாற்றாமல் ஆம்பியரைக் கூட்டவே கூடாது.

கேள்வி: எம்சிபி மேல் சின்னக் கட்டத்தில் 6000 என்று இருக்கிறதே, அது வாட்ஸா?

பதில்: இல்லை. ஷார்ட் ஆகும்போது 6000 ஆம்பியர் வரை பத்திரமாகத் துண்டிக்கும் என்று பொருள். லோடு கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: எல்லா லைனுக்கும் எம்சிபி இருக்கிறது. ஷாக் அடிக்காது அல்லவா?

பதில்: அடிக்கும். உடம்பு வழியே 0.03 ஆம்பியர் போனாலே ஆபத்து. 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்கள், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது ஓவர்லோடைப் பார்க்காது, அதனால் எம்சிபியும் வேண்டும்.

கேள்வி: ட்ரிப் ஆன எம்சிபியை எத்தனை முறை தூக்கிவிடலாம்?

பதில்: லோடை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு முறை. மறுபடி விழுந்தால் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 32 மாட்டுகிறேன் என்பவரை அல்ல.