அங்கே உங்கள் மேஸ்திரி யார்?

அன்புள்ள ஐயா,

கோவையில் மூன்று வருடமாக சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். கம்போடியாவில் சியம் ரீப் நகரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டேன். நமக்குத்தான் எப்போதும் வெளியிலிருந்து வந்து உதவினார்கள், நாமும் போய் உதவினால் என்ன என்று தோன்றியது. வீட்டில் "காசு கொடுத்து வேலைக்குப் போறவ நீ ஒருத்திதான்" என்கிறார்கள். இப்படிப் போவதால் மனதுக்கும் மேற்படிப்புக்கும் என்ன கிடைக்கும்?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

"நாமும் போய் உதவினால் என்ன" என்ற அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். நல்ல ஆசை. மேற்படிப்புக் கணக்கை விடுங்கள், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். கம்போடிய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். யுனிசெஃப் பல வருடங்களாகச் சொல்லிவரும் விஷயம் இது. அங்கோர்வாட் பார்க்க வந்தவர்கள் அப்படியே குழந்தைகளையும் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போக, 2005க்கும் 2010க்கும் நடுவில் இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடிவிட்டது. ஏழைப் பெற்றோரிடம் "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிக் கூட்டிவந்த பிள்ளைகள்தான் அவர்களில் பலர். இதையெல்லாம் விசாரிக்காமலா முன்பணம் கட்டினீர்கள்? உங்கள் அக்கா பிள்ளையின் பள்ளியில் மூன்று வாரத்துக்கு ஒரு டீச்சரை மாற்றினால் சும்மா இருப்பீர்களா?

சரி, கோபம் போகட்டும். கொஞ்ச நாளாக லாரி பேக்கரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்துக்காரர், அங்கே பர்மிங்காமில் கட்டடக்கலை படித்தவர். போர்க்காலத்தில் சீனாவில் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்துவிட்டு, 1945இல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்ட இந்தியா வந்தார். டாக்டரான மனைவி எலிசபெத்தோடு இமயமலையில் பிதௌராகட் போய்ப் பதினாறு வருடம் தங்கிவிட்டார். கல்லும் மண்ணும் மரமும் சாணியும் வைத்து வீடு கட்டும் ஊரில் பர்மிங்காம் படிப்பு செல்லவில்லை. மலைக் கொத்தனார்களிடம் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். பின்னால் திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய செலவு குறைந்த வீடுகளுக்கெல்லாம் அங்கேதான் அஸ்திவாரம் விழுந்தது. உதவப் போன இடத்தில் அவருக்கு மேஸ்திரி கிடைத்தார். பலன் என்று நீங்கள் கேட்பது இதுதான், வேறு எதையும் நான் நம்புவதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு மொழிபெயர்த்துச் சொல்வதற்காக நாகப்பட்டினம் போயிருந்தேன். ஒரு வெளிநாட்டுக் குழு போனால் அடுத்தது வரும். எல்லார் கையிலும் கிரேயான் பெட்டி. முகாமில் ஒரு பையன், எட்டு வயது இருக்கும், என் காதருகில் வந்து கேட்டான்: "இவங்களுக்கு அலை போடணுமா, வீடு போடணுமா?" அலை போட்டால் போட்டோ எடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். பெட்டியில் நீலம் மட்டும் பாதியாகத் தேய்ந்திருந்தது. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என்ன செய்வது, அவர்களுக்கு வேலை சொல்ல அந்த ஊரில் ஆளில்லை.

அதே சமயம் கீச்சாங்குப்பத்தில் டென்மார்க்கிலிருந்து ஒரு டீசல் மெக்கானிக் வந்திருந்தார். உப்புத்தண்ணீரும் மணலும் ஏறிய படகு இன்ஜின்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஊர் மெக்கானிக்குக்கு ஹெல்ப்பராக உட்கார்ந்துவிட்டார். "டேய் வெள்ளை, வாஷரை மண்ணுல வைக்காதடா, பேப்பர்ல வையி!" என்று நம் ஆள் கத்துவார். அந்த ஐம்பது வயசுக்காரர் சிரித்துக்கொண்டே தினத்தந்தியை விரிப்பார். ஆரம்பத்தில் துடைக்கிற வேலைதான். அவர் இன்ஜெக்டரைக் கழுவிய பதத்தைப் பார்த்த பிறகுதான் ஒரு இன்ஜினை முழுசாக நம்பிக் கொடுத்தார்கள். அந்த இன்ஜின் ஓடிய அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். கிரேயான் குழுக்களில் யார் முகத்திலும் நான் பார்க்காத சந்தோஷம் அது.

அதனால்தான் வெளிநாடு போகிறேன் என்று சொல்கிற எல்லாரையும் பிடித்து இதையே கேட்கிறேன். அங்கே உங்களுக்கு வேலை சொல்லப்போவது யார்? தப்பாகச் செய்தால் திட்டப்போவது யார்? அந்த ஆள் அந்த ஊர்க்காரர்தானா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் நீங்கள் போவது சுற்றுலா. சுற்றுலா போங்கள், தப்பே இல்லை, அங்கோர்வாட்டைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் போய்த் தொண்டு என்று பெயர் வைக்காதீர்கள்.

கல்லும் கலவையும் தெரிந்த நீங்கள் எதற்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. 1970இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இன்ஜினியர்களை எடுக்கிறது. காசு கேட்பதில்லை, அவர்களே சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் படி கொடுக்கிறார்கள். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் தன் ஆட்களை மூன்று மாதம் உள்ளூர் மொழி படிக்கவைத்து, அப்புறம் இரண்டு வருடம் ஊரில் விடுகிறது. உங்களுக்கு மூன்று வாரம் போதுமா?

வீட்டில் சொல்வது பாதி சரி. நாளைக்கே அந்த நிறுவனத்துக்கு போன் போட்டு, அங்கே எனக்கு வேலை சொல்லப்போகும் கம்போடியக்காரரின் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள்.