இன்னைக்கு இது காணும்

அன்புள்ள ஐயா,

தினமும் ரயிலில் அலுவலகம் போகும்போது பிரசங்கம் கேட்கிறேன். நேரம் போதாததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பேன். ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையையும் தவறாமல் பின்பற்றுகிறேன். ஆனாலும் உள்ளே வறட்சியாகவே இருக்கிறது. நல்ல தியானப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள். நாவல் வாசித்தால் ஆவிக்குரிய வாழ்வு கெடும் என்கிறார்கள் சபையில். உண்மையா?

ச.

அன்புள்ள தம்பி,

நாவலைத் தாராளமாக வாசியுங்கள். அத்தேனே பட்டணத்தில் பவுல் கிரேக்கக் கவிஞர்களின் வரியைச் சொல்லித்தான் பேசினார். அப்போஸ்தலர் 17-ல் இருக்கிறது. அதோடு அந்தப் பேச்சை விடுவோம்.

அந்த ஒன்றரை மடங்கு வேகம்தான் எனக்கு உறுத்துகிறது. சோற்றை யாராவது அப்படி விழுங்குவார்களா? 1189 அதிகாரங்களை 365 நாளுக்குப் பங்கு போட்டு, தினமும் மூன்று நான்கு என்று முடித்து டிக் அடிக்கிறீர்கள். வாசித்தது என்ன என்று மத்தியானம் கேட்டால் சொல்வீர்களா? வறட்சி என்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது அஜீரணம்.

போன வாரம் ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தோம். பரணில் பெரியம்மாவின் சுளகு, அதாவது முறம், கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றிப் பிழைத்தவள். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. காலையில் நான் ஒரு வசனம் வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வேகமாக வாசிப்பதில் ஒரு பெருமை. அடுத்த வசனத்துக்குப் போனால் தடுத்துவிடுவாள். "காணும்ல. இன்னைக்கு இது காணும்." காணும் என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று அர்த்தம். அப்புறம் சுளகை மடியில் வைத்து, இலையில் தூள் போட்டுச் சுருட்டி, நூல் சுற்றி, ஒவ்வொரு பீடிக்கும் அந்த வசனத்தை முணுமுணுப்பாள். சாயங்காலம் வரைக்கும் அதே வசனம்தான்.

முதல் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வாசிக்கிறோமே, அங்கே எபிரெயத்தில் உள்ள வினை 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது. இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதற்கும் ஏசாயா 31-ல் அதே சொல்தான். கண்ணை மூடி சும்மா இருப்பதைத்தான் தியானம் என்று நாம் பழகிவிட்டோம். பெரியம்மாவுக்கு எபிரெயம் என்று ஒரு பாஷை இருப்பதே தெரியாது. ஆனால் அந்தச் சொல் சொல்வதைத்தான் அவள் செய்தாள்.

ஒரு வாரம் முழுக்க 131ஆம் சங்கீதம் ஓடியது. "என் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப் போல் இருக்கிறது." நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கை நிற்காமலே சொன்னாள். "வேப்பெண்ணெய் தடவி பால் மறக்கடிச்சா, பிள்ளை மூணு நாள் அழும்ல. அப்புறம் மடியில வந்து சும்மா கிடக்கும். பாலுக்கு இல்ல, அம்மைக்காக."

அந்தச் சங்கீதத்துக்கு இதற்கு மேல் ஒரு விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. நாலு பிள்ளை பெற்றவள். அந்த அழுகையை ராத்திரி ராத்திரியாகக் கேட்டவள். வசனம் அவளுடைய வாழ்க்கைக்குள் இறங்கிப் போய் அதைக் கண்டுபிடிக்க நாலைந்து நாள் ஆகியிருக்கிறது. நீங்கள் அதற்கு அரை நிமிடம்கூடக் கொடுப்பதில்லையே தம்பி!

கோபித்துக்கொள்ளாதீர்கள். களைத்துப்போய் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. செத்துப்போனால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். அவன் தின்று, தூங்கி, எழுந்து, மறுபடி தின்றான். அதனால் முதலில் நன்றாகத் தூங்குங்கள்.

நாளைக்கு ரயிலில் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு 131ஐ எடுங்கள். மூன்றே வசனம். நாளுக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, வாய்விட்டு முணுமுணுங்கள். மூன்றும் முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள். புத்தகத்தின் பெயரை அப்போது சொல்கிறேன்.