குளச்சலில் நான்கு ஆண்டுகளாக நிற்கும் பழைய பிரீமியர் பத்மினி காரை வீட்டிலேயே சீராக்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லோரும் எஞ்சினில் தொடங்குவார்கள். நீங்கள் தரையில் படுத்துத் தொடங்குங்கள். பத்மினிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடற்கூடே எடையைத் தாங்குகிறது. ஆகவே துரு அழகுப் பிரச்சினை அல்ல. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, குளச்சலுக்குக் கூடுதலாக உப்புக்காற்று. காருக்குள் விரித்திருக்கும் கால்மிதிகளை அகற்றிவிட்டு, கதவுக்கு அடியிலுள்ள பகுதியையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் ஸ்குரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ தகட்டை வெட்டி வெல்டிங் செய்தாக வேண்டும். துருவின்மேல் பெயின்ட் அடிப்பது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஈரத்தை அது உள்ளேயே பூட்டி வைக்கும். காற்றோட்டமான ஓலைக் கொட்டகை எவ்வளவோ மேல்.

1089 சிசி எஞ்சின் எளிமையானது. உடனே சாவியைத் திருக வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, ஒருநாள் கழித்து எஞ்சினைக் கையால் சுழற்றுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு கார்புரேட்டரைக் கழுவுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்பதால் அவற்றையும் மாற்றுங்கள்.

பிரேக்கை மட்டும் நீங்களே பரிசோதித்துக் கற்க வேண்டாம். சக்கரங்களிலுள்ள பிரேக் சிலிண்டர்களின் ரப்பர்களை அனுபவமுள்ள மெக்கானிக்கே மாற்றட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.