புன்டா கானா பீச்ல வாங்கின லாரிமார் ஒரிஜினலா?

லாரிமார்ங்கிறது டொமினிகன் குடியரசுல கிடைக்கிற ஒரு நீல நகைக்கல், புன்டா கானா அந்த நாட்டு கடற்கரை ஊர். நீங்க வாங்கினது 10 டாலர் பென்டன்ட், வெள்ளையே கலக்காம ஒரே நீலம்னு சொல்றீங்க, அப்போ அது லாரிமாரா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. சாயம் ஏத்தின ஹவ்லைட்ங்கிற வெள்ளைக் கல்லோ, கண்ணாடியோ, பிளாஸ்டிக்கோ தான் இருக்கும். நல்ல கல்லுல வெள்ளை மேகம் மாதிரி ஓடும், வெள்ளை இல்லாத கடும் நீலமும் உண்டு, ஆனா அது இந்த விலைக்கு வராது.

அசிட்டோன் இருக்கிற நெயில் பாலிஷ் ரிமூவரை பஞ்சுல தொட்டு பின்பக்கம் தேய்ச்சுப் பாருங்க, நீலம் ஒட்டினா சாயம். எடையே இல்லாம, தொட்டா ஜில்லுன்னும் இல்லைன்னா பிளாஸ்டிக்.

சாயம் வரலைன்னா ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, கண்ணாடியும் இதுல பாஸ் ஆயிடும். இன்னும் அங்கதான் இருக்கீங்கன்னா ரசீது தர்ற நகைக்கடையில காட்டிக் கேளுங்க, லாரிமார் டொமினிகன் குடியரசுல பராஹோனாங்கிற மாகாணத்துப் பக்கம் தான் கிடைக்குது, அவங்களுக்குப் பார்த்ததும் தெரியும். அப்புறம் பீச்ல ஆமை ஓட்டு வளையல் நீட்டினா வாங்கவே வாங்காதீங்க, கஸ்டம்ஸ்ல மாட்டும்.