ஐப்பசியில் தனியே ஒரு நடை

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 26. அம்பத்தூரில் வேலை. இதுவரை மலை ஏறியதில்லை. நீண்ட நடைக்கு இலையுதிர் காலம்தான் ஏற்றது என்று பல இடங்களில் படித்தேன். அக்டோபர் கடைசியில் பத்து நாள் லீவு போட்டு, ஒரு டென்ட்டோடு ஜவ்வாது மலையில் தொடங்கி கல்வராயன் மலை வரை தனியாக நடக்க ஆசை. 60 லிட்டர் பைகூட வாங்கிவிட்டேன். அப்பாதான் "துணைக்கு ஆள் இல்லாமல் வேண்டாம்" என்கிறார். என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

ச., அம்பத்தூர்

அன்புள்ள ச.,

சாமான் பட்டியல் இருக்கட்டும், முதலில் காலண்டரைப் பாருங்கள். நீங்கள் படித்த இலையுதிர் காலம் இமயமலைக்கு உரியது. அங்கே தென்மேற்குப் பருவமழை விலகி, அக்டோபர் நடுவில் வானம் தெளிந்துவிடும். நமக்கு அது ஐப்பசி. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. ஜவ்வாது மலை ஓடைக்கரையில் டென்ட் அடித்துப் படுக்கிற மாதமா அது?

மழையை விடுங்கள், காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கெடுபிடி கூடியது. அது நியாயம்தான். 2024 அக்டோபரில் வனத்துறை மலையேற்றத்துக்கென 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். பூண்டி பக்கத்துக் குடியம் குகைப் பாதை உங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. மழை பிடிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

பத்து நாள் லீவை என்ன செய்வது? சந்தக்பூ போங்கள். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், 3,636 மீட்டர். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில் தொடங்கி, நேபாள எல்லையை ஒட்டியே பாதை ஏறுகிறது. டும்லிங், காலிபோக்ரி என்று வழிநெடுகத் தங்கும் வீடுகள். சூடாகச் சாப்பாடும் கம்பளியும் கிடைக்கும், டென்ட்டை வீட்டிலேயே வைத்துவிடலாம். சந்தக்பூ வரை பக்கத்திலேயே ஜீப் ஓடுவதால் பழகிய மலையேறிகள் இந்தப் பாதையைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு, முட்டி பிசகினால் கை காட்டி ஏற ஒரு ஜீப் இருப்பது சின்ன விஷயமில்லை. காலையில் மேகம் இல்லையென்றால் ஒரு பக்கம் கஞ்சன்ஜங்கா, இன்னொரு பக்கம் எவரெஸ்ட்.

அங்கேயும் வழிகாட்டி கட்டாயம், மானேபஞ்சனிலேயே அமர்த்திக்கொள்ளலாம். "அப்புறம் எப்படி அது தனிப்பயணம்?" என்று கேட்பீர்கள். எப்போது கிளம்புவது, எங்கே உட்காருவது, எந்த இடத்தில் போதும் என்று திரும்புவது, எல்லாம் உங்கள் முடிவுதானே. முதல் தடவைக்கு அந்தத் தனிமை தாராளம். அப்பாவின் கவலைக்கும் பாதி பதில் இதில் இருக்கிறது. மீதிக்கு, எந்த இரவு எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, பட்டியல். அதைவிட முக்கியம், பையைச் சுமந்து பழகுவது. ஐந்து கிலோ அரிசி மூட்டையும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் உள்ளே போட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தோள்பட்டை வார். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நிற்பார்கள். மொத்த எடை பத்து கிலோவைத் தாண்ட வேண்டாம். பருத்தி பனியனைத் தவிர்த்துவிடுங்கள். ஏறும்போது வியர்வையில் நனையும், நின்றதும் அந்த ஈரமே குளிராக மாறி நடுக்கும். சீக்கிரம் காயும் செயற்கை இழைச் சட்டை, மேலே ஒரு ஃபிளீஸ் (மெத்தென்ற, கதகதப்பான செயற்கை இழை மேல்சட்டை), அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஒன்றே தடியாக இருப்பதைவிட இது நல்லது. போனை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

நாம் கடல்மட்டத்து ஆட்கள், உயரத்துக்கு உடம்பு பழக நேரம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், முந்தைய இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கக் கூடாது. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள்.

துர்கா பூஜை வாரத்தில் கொல்கத்தாவே அங்கே ஏறிவிடும், படுக்க இடம் கிடைக்காது. அக்டோபர் முதல் வாரமும் வேண்டாம். 2025-இல் அந்த நேரத்தில்தான் டார்ஜிலிங் மலைகளில் நிலச்சரிவு. டார்ஜிலிங் போக இறங்க வேண்டிய நிலையம் நியூ ஜல்பைகுரி, அந்த ரயில் ஆந்திர, ஒடிசா கடலோரமாகப் போகிறது. பைலின், ஹூட்ஹூட், தித்லி மூன்று புயல்களும் அந்தக் கரையைத் தாக்கியது அக்டோபரில்தான். நடைக்கு ஆறு நாள் போதும், மீதியை ரயிலுக்கும் தாமதத்துக்கும் ஒதுக்குங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளிக் கூட்டம் வேறு, அதனால் திறக்கிற அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள்.